பயம்பும் காத்திருப்பும்: பெரும்பாணாற்றுப்படை காட்டும் மறைகுழி வேட்டை

பத்துப்பாட்டைக் கற்பிப்போரும் கற்போரும் விரைந்து கடந்துவிடும் பகுதிகள் சில உள. பெரும்பாணாற்றுப்படையில் எயினரின் நள்ளிரவு வேட்டையைக் கூறும் பன்னிரண்டு அடிகள் அவற்றுள் அடங்குவன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய இப்பாட்டு 500 அடிகளைக் கொண்டது. அவற்றுள் இப்பன்னிரண்டும் காஞ்சி நகரை நோக்கிச் செல்லும் வழியில் எதிர்ப்படும் ஒரு பாலைக் காட்சியாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. 1889இல் உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த காலந்தொட்டு அதன் உவமை நயங்களைப் பாராட்டியோர் பலர். பன்றியின் வளைந்த கொம்புக்குப் புகழா வாகைப் பூவை உவமையாக்கிய திறன் வகுப்பறைகளில் இன்றும் வியந்து பேசப்படுகிறது. அந்தப் பன்றிக்காக ஒருவன் ஏன் குழிக்குள் இறங்கி இரவெல்லாம் இருக்கவேண்டும் என்பது அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. இக்கட்டுரையில் நாம் அவ்வினாவை எடுத்துக்கொள்கிறோம்.

பாட்டுக் கூறும் செய்தியை முதலில் உரைநடையிற் சொல்லிக்கொள்வோம். மழை பொய்த்த காலம். மான்களின் குளம்படிகள் பதிந்து ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கும் வழி. அதன் பக்கத்தே தோண்டப்பட்ட நீர்நிலை. அதனைச் சூழக் குழிகள். நீரை விரும்பி வரும் பன்றியை எதிர்பார்த்து எயினர் அக்குழிகளினுள் உடலை ஒடுக்கி மறைந்திருக்கின்றனர். நேரம் நள்ளிரவு. அவ்வேட்டை வாய்க்காது போயின், மறுநாட் பகலில் நாய்களுடன் சென்று புதர்களைக் கலைத்து, வலைகளை வேலிபோலத் தொடுத்து மாட்டி, முயல்களைத் தப்பவிடாது வளைத்துப் பிடித்துக் காட்டிலே கூடி உண்கின்றனர். செய்தி இவ்வளவே. குழிக்குப் புலவர் வழங்கும் சொல் பயம்பு.

கொழும்பிலிருந்து இவ்வடிகளைப் படிப்பதில் ஒரு தடை உண்டு. வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளில் வளர்ந்த மாணவருக்கு, காலி வீதியின் இரைச்சலும் கடற்கரை ரயிற்பாதையின் ஓசையும் இல்லாத இரவே அறிமுகமற்றது. கொட்டாஞ்சேனையின் பெயரிற் சேனை ஒட்டிக்கொண்டிருக்கிறதாயினும், அங்குள்ளோர் துறைமுகத்தையும் புறக்கோட்டைக் கடைகளையும் நம்பி வாழத் தொடங்கித் தலைமுறைகள் பல கழிந்துவிட்டன. உரைகளையும் அகராதிகளையும் புரட்டுவதால் மட்டும் இத்தடை நீங்கிவிடாது. ஆகவே, வன்னியின் குளக்கட்டுகளிலும் காடுகளிலும் இளமையைக் கழித்து, இடப்பெயர்வினால் இவ்விரு பகுதிகளிலும் வந்து வாழும் முதியோர் சிலரிடம் இப்பகுதியின் பொருளைக் கூறிக் கருத்துக் கேட்டோம். அவர்களுள் மோட்டைக்கரைக் குழியிலே தாமே இருந்தவர்களும் உளர். பாட்டின் மொழி அவர்களுக்கு விளங்கவில்லை. பொருளைச் சொன்னதும், பாட்டுச் சொல்லாது விட்டதையும் சேர்த்து நிரப்பிவிட்டனர். தொழில்நுட்பம் பற்றிக் கீழே கூறப்படுவனவற்றிற் பெரும்பகுதி அவர்களிடமிருந்து நாம் அறிந்துகொண்டதே.

வேட்டையை இருவகையாகப் பிரித்து நோக்கலாம். விலங்கைத் தேடிச் செல்வது ஒன்று. விலங்கு வந்தே தீரவேண்டிய இடத்தில் முன்கூட்டிச் சென்று இருப்பது மற்றொன்று. முன்னது கால்களின் வலிமையையும் நாய்களின் மோப்பத்தையும் நம்பியது. பின்னது விலங்கின் தேவையை அறிந்திருத்தலை நம்பியது. வன்னியில் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சோளகக் காற்று வறண்டு வீசும். காட்டினுள் உள்ள மோட்டைகள் ஒவ்வொன்றாக வற்றிக்கொண்டுவர, எஞ்சிய சிலவற்றை நோக்கி மானும் மரையும் பன்றியும் கரடியும் ஒதுங்கும். வாடைக்காற்றோடு வரும் மழைக்காலத்திலோ காடெங்கும் தண்ணீர். எந்தப் பள்ளத்திலும் விலங்கு குடித்துக்கொள்ளும். அப்போது குழி வெட்டிக் காத்திருப்பவன் தவளைச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கலாம். எனவே வானம் பொய்த்த காலம் எனப் பாட்டுக் கூறுவது பாலைக்குரிய வழக்கமான வருணனையாக அங்கு இடம்பெறவில்லை. அது இவ்வேட்டை நடைபெறுவதற்கான நிபந்தனை. குளம்படி பதிந்த வழியும் அவ்வாறே. எந்த நீர்நிலைக்கு எந்தப் பக்கத்தால் விலங்கு இறங்குகிறது, அடி புதிதா பழையதா, தனி விலங்கா கூட்டமா என்பவற்றைப் பகலிலேயே படித்தறிந்த பின்னர்தான் குழியின் இடம் முடிவாகும்.

அடுத்தது காற்று. பன்றிக்குக் கண்பார்வை மந்தம். மூக்கும் காதும் மிகக் கூர்மையானவை. அசையாதிருக்கும் மனிதனை அது சில பாகத் தொலைவிலும் கவனியாது போகலாம். அவனது வியர்வையின் மணம் காற்றில் வந்துவிட்டாலோ நீரருகே வராமலே திரும்பிவிடும். ஆகவே சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுகையில் குழி நீர்நிலைக்கு வடகிழக்கே அமையவேண்டும். விலங்கின் பக்கமிருந்து வேடன் பக்கம் காற்று வரவேண்டுமென்பதே விதி. ஆனால், அனுபவமுள்ள தனிப்பன்றி நேரே இறங்குவதில்லை. நீர்நிலையைச் சுற்றி வந்து மோப்பம் பிடித்த பிறகே இறங்கும். மேலும் நள்ளிரவின் பின் காற்று அடங்கிக் குளிர்ந்து மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி மெல்ல வடியும். அப்போது கரையில் இருப்பவனின் மணமும் நீரை நோக்கியே இறங்கும். நிலமட்டத்திற்குக் கீழே உடலை ஒடுக்குவதன் பயன்களில் ஒன்று இங்கே தெரிகிறது. குழி மணத்தை முற்றாகத் தடுப்பதில்லை. காற்றுப் படும் உடற்பரப்பைக் குறைக்கிறது. ஒளித்திருத்தலோடு ஒடுங்கியிருத்தலையும் புலவர் சேர்த்துச் சொல்வது இதனாலேயே போலும். புகையிலை, சுருட்டு, எண்ணெய் தேய்த்த தலை ஆகிய மூன்றும் குழிக்கு ஆகாதவை என்று முதியவர் ஒருவர் எமக்குச் சொன்னார். வெற்றிலை போடுவதையும் அவர் விலக்கியே வைத்திருந்தாராம்.

குழியின் இரண்டாவது பயன் பார்வை பற்றியது. இருட்டில் நின்றுகொண்டு பார்ப்பவனுக்கு விலங்கின் உருவம் பின்னாலுள்ள புதரோடு கலந்துவிடும். கண் நிலமட்டத்தில் இருக்குமாயின், அதே உருவம் வானத்தின் வெளிறலிலோ நீரின் மினுக்கத்திலோ கருநிழலாகத் தனித்துத் தெரியும். அதே வேளை குழிக்குள் இருப்பவனுக்கு வானத்தைப் பின்னணியாகக் கொண்ட உருவம் கிடையாது. தான் காணவும் தான் காணப்படாதிருக்கவும் ஒரே ஏற்பாடு உதவுகிறது. விளக்கோ பந்தமோ இல்லாத ஒரு தொழிலில் இது சிறிய கண்டுபிடிப்பன்று.

குழி வெட்டுவதிலும் கவனிக்கவேண்டியவை உண்டு. புதுமண் மணக்கும், ஆகவே வேட்டைக்குச் சில நாள் முன்னரே வெட்டி ஆறவிடவேண்டும். அகழ்ந்த மண்ணை அருகிற் குவிக்காது தள்ளிச்சென்று பரப்பவேண்டும். உள்ளே சருகு கிடக்கலாகாது. கால் அசைந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். முதுகு சாய ஒரு சுவர், முழங்கை ஊன்ற ஒரு விளிம்பு, மேலே அந்த இடத்திலேயே வளரும் மரத்தின் கிளைகள். வேறிடத்துக் கிளை வாடிய நிறத்தால் வேறுபட்டுத் தெரியும். முன்புறம் ஒரேயொரு திறப்பு. பின்புறத்தால் ஒளி புகாதிருத்தல் வேண்டும். துவக்கு வருவதற்கு முன்னர் வில்லோடு இருந்தவன் எவ்வாறு இருந்தான் என்பது தனி வினா. இலங்கை வேடர் பயன்படுத்திய வில் ஏறத்தாழ ஆறடி நீளமானது. அத்தகைய வில்லைக் குறுகிய குழிக்குள் நிமிர்த்திப் பிடித்தல் இயலாது. சரித்துப் பிடிக்கவேண்டும், அல்லது குழி அகலமாக இருக்கவேண்டும், அல்லது கடைசிக் கணத்தில் எழவேண்டும். பாட்டு அங்கே எந்த ஆயுதத்தையும் குறிப்பிடவில்லை. குழியிலிருந்து பாய்ந்து வேலாற் குத்தியிருக்கவும் கூடும். பன்றியின் வலிமையை அறிந்தோர் இதனை எளிதில் ஒப்பமாட்டார்.

இவற்றையெல்லாம் செய்து முடித்த பின்னர் எஞ்சுவது இருப்பு. அதுவே கடினமானது. அந்திக்கு முன் குழியில் இறங்கிவிடவேண்டும். இறங்கியதைப் பறவைகள் மறந்துபோக நேரம் வேண்டும். நீர்க்கரைகளில் நிலத்திலே கூடுகட்டும் ஒரு பறவைக்குத் தமிழில் ஆட்காட்டி என்று பெயர். மனித அசைவைக் கண்டால் இரவிலும் அது கத்திக்கொண்டு எழும். காட்டுக்கே செய்தி போய்விடும். அப்பெயரை இட்டவன் வயலில் நின்றவன் அல்லன், மறைந்திருந்து அதனாற் கெட்டவன் என்றே நாம் எண்ணுகிறோம். முதலில் வரும் விலங்கை எய்துவிடக் கூடாது என்பதும் ஒரு நெறி. குட்டிகளோடு வரும் பெண்பன்றிகள் ஆரவாரமாக வந்து குடித்துப் புரண்டு போகும். அவை அமைதியாகத் திரும்பிய பின்னரே பெரிய தனிப்பன்றி துணிந்து இறங்கும். அது தலையைத் தாழ்த்திக் குடிக்கத் தொடங்கும்போது அதன் காதில் அதன் குடிக்கும் ஓசையே நிறைந்திருக்கும். விலாப்புறம் காட்டி நிற்கையில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே குறிபார்க்கவேண்டும். அந்தச் சில கணங்களுக்காகவே முந்திய எட்டு மணிநேரமும். தவறினால் அன்றிரவு அந்த நீர்நிலைக்கு வேறெதுவும் வராது.

அபாயமும் சிறிதன்று. பரணில் இருப்பவனுக்கு உயரம் துணை. குழியில் இருப்பவனுக்கு ஓடவும் வழியில்லை. வன்னியில் வேட்டைக்குப் போனோர் சிறுத்தையைவிடக் கரடிக்கே அதிகம் அஞ்சினர். கரடியும் அதே நீருக்குத்தான் வரும். காயப்பட்ட பன்றி வெடி வந்த திசையை நோக்கிப் பாய்வதும் உண்டு. பாம்பைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இவ்விடத்துப் பரணையும் பயம்பையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். குறிஞ்சிப் பாடல்களில் இதணம் அடிக்கடி வருகிறது. தினைப்புனத்தின் நடுவே உயர்த்திக் கட்டிய அப்பரணிலிருந்து பகலிற் பெண்கள் கிளி கடிவர். இரவில் ஆடவர் பன்றியையும் யானையையும் விரட்டுவர். அங்கே விலங்கு பயிருக்குப் பகை. அது வராதிருப்பதே வெற்றி. ஆகவே இதணத்திலிருப்பவன் தன்னை மறைப்பதில்லை; குரல் கொடுக்கிறான், தீ மூட்டுகிறான், கவண் எறிகிறான். பயம்பில் இருப்பவனுக்கோ விலங்கு வருவதே வாழ்வு. ஒன்று பயிர்ச்செய்கை வேரூன்றத் தொடங்கிய சமூகத்தின் ஏற்பாடு. மற்றையது அதற்கு வெளியே நின்றவர்களுடையது. அதே பாட்டில், குழி வேட்டைக்குச் சற்று முன்னர், எயிற்றியர் எறும்புப் புற்றை அகழ்ந்து புல்லரிசி சேர்க்கின்றனர். அதனை நில உரலிற் குற்றி, உவர்நீரில் உலையிட்டு, உலர்ந்த ஊனோடு சமைக்கின்றனர். பெண் எறும்பிடமிருந்து தானியத்தைப் பறிக்கிறாள். ஆண் நீரருகே பன்றிக்குக் காத்திருக்கிறான். பயிரிடாதோரின் உணவுத் தேட்டத்தில் இரு பாதிகள் இவை. இரண்டையும் நிலத்தைத் தோண்டியே அவர்கள் பெறுகின்றனர்.

இனிக் கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். இப்பன்னிரண்டு அடிகளில் நம் கவனத்தை மிகவும் ஈர்க்கவேண்டியது, பன்றி கொல்லப்படவில்லை என்பதே. வேட்டை வாய்க்காது போனால் என்ற நிலையைக் கொண்டே பாட்டு மேலே நகர்கிறது. இரவு வீணாயிற்று, பகலில் முயல். பெரிய விலங்கு கிட்டாதபோது சிறிய விலங்கு, தனித்திருந்த வேட்டை பலிக்காதபோது கூட்டு வேட்டை, குழிக்குப் பதில் வலையும் நாயும். தோல்வி இங்கே அவமானமாகவோ அவலமாகவோ சொல்லப்படவில்லை. நாளாந்த வாழ்க்கையின் ஒரு பகுதியாக, மாற்று ஏற்பாட்டோடு, கணக்கிலெடுக்கப்படுகிறது. உழைப்பின் பதிவு என்று இதனையே சொல்லவேண்டும்.

இதனோடு வல்வில் ஓரியின் வேட்டையை ஒப்பிடுக. புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடிய அவ்வேட்டையில் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் போய்த் தைக்கிறது. இது எங்ஙனம் இயலும் என்று கேட்பது பாட்டின் இயல்பை அறியாதார் வினா. தலைவனின் அம்பு தவறுவதில்லை. தவறினால் அவன் தலைவன் அல்லன். அப்பாட்டிலேயே நுட்பமான ஒரு செய்தி உண்டு. வேட்டுவனைக் கண்ட பாணர் சுற்றம் தமக்குள் ஐயுறுகிறது: இவன் யார்? இறைச்சியை விலைக்கு விற்கக் கொல்பவன்போலத் தோன்றவில்லை, செல்வமுடையவனாயிருக்கிறான். அதாவது, கொன்று விற்றுப் பிழைப்போன் ஒருவனையும் கொன்று கொடுத்துப் புகழ் பெறுவோன் ஒருவனையும் அக்காலத்தோர் பார்த்த மாத்திரத்தில் வேறுபடுத்தி அறிந்தனர். வேட்டை என்ற ஒரே சொல்லின்கீழ் இரு சமூக நிலைகள் இருந்தன. முன்னவனைப் பற்றிப் புறப்பாடல்கள் மிகச் சுருக்கமாகவே பேசுகின்றன. கோவூர் கிழார் பாடிய 33ஆம் புறப்பாட்டில் மான் தசையைக் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றும் வேட்டுவன் அவன்தான்; அவன் வந்துபோவது சில அடிகளில் முடிந்துவிடுகிறது.

பேராசிரியர் க. கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றி எழுதி 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட நூல், சங்கப் பாடல்களின் வாய்மொழி மரபையும் வீரர் குழுவின் மனப்பாங்கையும் தெளிவாக்கியது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக்கோட்பாடு பற்றிய ஆய்வு, ஐந்திணைப் பாகுபாட்டின் அடியில் வெவ்வேறு உற்பத்தி முறைகள் ஒரே காலத்தில் ஏற்றத்தாழ்வாக நிலைபெற்றிருந்ததைக் காட்டியது. இவ்விரு ஆய்வுகளுக்கும் நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். எனினும், இவற்றைப் பின்பற்றி எழுந்த எழுத்துகள் பலவற்றில் வேட்டை என்றதும் வீரமும், வீரம் என்றதும் வேலும் வில்லும் என்ற சமன்பாடு தங்கிவிட்டது. பயம்பு அச்சமன்பாட்டிற்குள் அடங்காது. ஒளித்திருத்தல் வீரனுக்கு இழுக்கு, வேடனுக்கு அறிவு. உற்பத்திக் கருவிகளை அம்பு, வலை, கவண் என அடுக்குவோர் குழியை அதிற் சேர்ப்பதில்லை. கையிற் பிடிக்கக்கூடியது மட்டும் கருவி என்ற எண்ணமே இதற்குக் காரணம். காற்று, பருவம், விலங்கின் நடத்தை ஆகியவற்றைப் பற்றிய தலைமுறை அறிவு மண்ணில் ஒரு வடிவம் பெறுமாயின் அதுவும் கருவியே.

தோல்வியைச் சொல்லும் மனம் புலவருக்கு எங்கிருந்து வந்தது? ஆற்றுப்படை என்னும் வடிவத்தை இங்கு கருதவேண்டும். அது பசியோடு வழிநடக்கும் பாணனை முன்னிறுத்திச் சொல்லப்படுவது. நாளை எங்கே உணவு என்று அறியாதவனின் கண்ணால் நாடு பார்க்கப்படுகிறது. பாணனின் பிழைப்பும் காத்திருப்பின் பாற்பட்டதே. வாயில் திறக்காத வீடுகளும் அவனுக்கு உண்டு. எயினரின் வெறுங்கையை இகழாது சொல்வதற்கு இக்கண் உதவியிருக்கலாம். நூற்பயன் காஞ்சி அரசனின் கொடையைப் புகழ்வதே என்பதையும் நாம் மறக்கவில்லை. நிச்சயமற்ற இரவு வேட்டையிலிருந்து, ஆயர், உழவர், வலைஞர் எனப் படிப்படியாகச் செழித்து, நகரத்தின் உபரியில் முடியும் வரிசை அது. வரிசையின் கீழ்ப்படி இல்லாமல் மேற்படியின் ஒளி தெரியாது. இன்னொன்றும் சுட்டத்தக்கது. இதே புலவர் பாடியதாகக் கொள்ளப்படும் பட்டினப்பாலையில், சிறையிலிருந்து மீண்ட கரிகாலனுக்கு, தான் வீழ்ந்த குழியின் கரையைக் குத்தித் தூர்த்து வெளியேறிய யானை உவமையாகிறது. ஓரிடத்தில் மனிதன் மறையும் குழி. மற்றோரிடத்தில் விலங்கை வீழ்த்தும் குழி. அரசனுக்கு உவமையானது இரண்டாவதே.

இக்குழியின் பிற்கால வரலாறு இலங்கையில் தொடர்ந்தது. 1681இல் வெளியான தம் நூலில் றொபேட் நொக்ஸ், வேடர் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்புத்தலையின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துச் செல்வர் என்றும், அவன் அவ்வாறே செய்து கொடுப்பின் மேலும் இறைச்சி கொண்டுவருவர் என்றும் எழுதினார். நீர்நிலையருகே தன்னைக் காட்டாதவன் சந்தையிலும் தன்னைக் காட்டவில்லை. காட்டின் மீது அவனுக்கிருந்த வழமையுரிமையைப் பிரித்தானிய ஆட்சி சட்டத்தாற் குலைத்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் பயிரிடாத நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அதே காலத்தில் மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டை அனுபவங்களை 1853 அளவில் நூலாக்கிப் புகழ் பெற்றார். 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு யாலவும் வில்பத்தும் தேசிய பூங்காக்களாயின. விலங்குகள் காக்கப்படவேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆயின், அழிவின் பெரும்பங்கு யாருடைய துவக்கால் நேர்ந்தது என்ற கேள்வி அங்கே மங்கிவிட்டது. எதிர்நின்று சுடுவது கனவானின் விளையாட்டு, மறைந்திருந்து சுடுவது கீழ்மை என்ற வேட்டை ஒழுக்கமும் கூடவே பரவியது. வீரயுகத்து மதிப்பீடு வேறு உடையில் மீண்டும் வந்தது எனலாம். குழியிலிருந்தவன் கள்ள வேட்டைக்காரன் ஆனான்.

அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப், 1913இல் வெளியிட்ட நாவலில் இம்மாற்றத்தை உள்ளிருந்து காட்ட முயன்றார். காட்டை அறிந்த வேடனான சிலிந்து, சேனைக்கான அனுமதியைக் கையில் வைத்திருக்கும் ஊர்த்தலைவனாலும் கடன் கொடுப்பவனாலும் நெருக்கப்பட்டு, இறுதியில் அவ்விருவரையும் சுட்டுக் கொல்கிறான். துரத்தப்பட்ட விலங்கு திரும்பிப் பாய்வதாகவே அவன் அதனை உணர்கிறான். குடியேற்ற நாட்டு அதிகாரி ஒருவரின் எழுத்தில் இத்தெளிவு அமைந்தது வியப்பே.

இன்று நிலைமை வேறு. குழியில் இருந்து வேட்டையாடுவோர் அருகிவிட்டனர். விலங்குகள் மிஞ்சியிருக்கும் இடங்களில் அவர்களிடத்தைப் பிடித்திருப்பவை கட்டுத்துவக்கும், தீனிக்குள் மறைத்துவைக்கும் வெடியும். சிங்களத்தில் ஹக்க பட்டாஸ் எனப்படும் அவ்வெடி பன்றிக்கென வைக்கப்பட்டு யானைக்கன்றுகளின் வாயைச் சிதைக்கிறது. கட்டுத்துவக்கு விறகு பொறுக்கச் செல்வோரின் காலை உடைக்கிறது. இரண்டிலும் வேடன் அவ்விடத்தில் இருக்கவேண்டியதில்லை. எது வருகிறது என்று பார்க்கவேண்டியதுமில்லை. குழியில் இருந்தவன் குட்டிகளோடு வந்த பன்றியைப் போகவிட்டான். அது கருணையால் அன்று, கணக்கால். ஆனாலும் விட்டான். இறைச்சி உண்பதற்கு என்ற நிலை மாறி விற்பதற்கு என்றான பின், ஓர் இரவு முழுவதையும் ஒரு விலங்குக்காகச் செலவிடுவது கட்டுப்படியாகாத உழைப்பாகிவிட்டது. காத்திருப்பின் அறிவு மதிப்பிழந்ததற்குக் காரணம் மனிதர் கெட்டுப்போனமை அன்று.

வன்னி முதியோருடன் பேசுகையில் குழி என்ற சொல்லே எமக்கு இடர்தந்தது. மறைகுழியைப் பற்றி நாம் கேட்க, பதுங்கு குழியைப் பற்றி அவர்கள் சொல்லத் தொடங்கினர். 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வன்னியில் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் இடம்பெயர்ந்த ஒவ்வொரு கூடாரத்தருகிலும் வெட்டப்பட்டது அது. வேட்டைக்குழி வெட்டியவர்களே அதனையும் வெட்டினர். சுவர் சாயாதிருக்கக் குற்றி இடுவதும், மேலே மூடுவதும், வாயை ஒரு பக்கத்துக்கு வைப்பதும் பழைய பழக்கத்தால் அவர்களுக்கு எளிதாயிருந்தன. எட்டு மணிநேரம் அசையாதிருக்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்கும் அதனைச் சொல்லிக்கொடுத்தனர். ஒரு வேறுபாட்டை மட்டும் அவர்களுள் ஒருவர் எடுத்துச் சொன்னார்: வேட்டைக்குழியில் வானத்தைப் பார்ப்பது விலங்கின் நிழலுக்காக; மற்றக் குழியில் வானத்தைப் பார்க்கவே கூடாது. போருக்குப் பின் காட்டுவழிகள் பல கண்ணிவெடிகளால் மூடுண்டன. அவர் அறிந்திருந்த மோட்டைகளுக்கு அவர் திரும்பிச் செல்லவில்லை.

பாட்டின் ஒரு சொல்லை விளக்கி நிறுத்துகிறோம். எயினர் குடிலின் முற்றத்தில், விளாமரத்தின் தேய்ந்த அடியிற் பார்வை கட்டப்பட்டிருப்பதாகப் புலவர் கூறுகிறார். இன்றைய மாணவர் இச்சொல்லைக் கண்ணின் தொழிலாகக் கொண்டு இடர்ப்படுவர். அது, காட்டு மானை அருகே வரச்செய்வதற்காகப் பழக்கி வளர்க்கும் மான். மறைந்திருப்பவன் தன்னைக் காட்டாமல், தனக்குப் பதிலாகக் காட்டும் விலங்கு. குழிக்கும் முற்றத்து மானுக்கும் இடையே பாட்டில் சில அடிகளே உள்ளன. மரத்தின் அடி தேய்ந்திருப்பது, அது பல காலமாக அங்கே கட்டப்பட்டு வந்ததற்கு அடையாளம். அம்முற்றத்தின் நிழலில் இருக்கும் நில உரலில்தான் எயிற்றியர் புல்லரிசி குற்றுகின்றனர். பாணனும் அவ்வழியாகத்தான் காஞ்சிக்குப் போகிறான்.